வழிக்குக் குழி எதுகை

தொண்ணூற்றெட்டில்
உசிலம்பட்டியிலிருந்து செக்கானூரணி வரை
பதினேழு சுவர்.
சதுர அடிக்கு நாலு ரூபாய், பெயின்ட் அவர்களுடையது.
மண்டையோடு வரைந்து இறங்கினேன்.
ஜீப்பில் வந்த அதிகாரி அண்ணாந்து பார்த்தார்.
"பல்லு பத்தாதுப்பா.
பஸ்ஸுல போறவன் பயப்படணும்ல?"
திரும்ப ஏறி ஆறு பல் கூட்டினேன்.
கண்குழியில் ஒரு பாம்பு வைத்தேன்.
அது அவர் கேட்காதது.

வாசகத்தையும் என்னிடமே விட்டார்கள்.
'தவறான வழி
மரணக் குழி.'
அதற்கு ஐம்பது ரூபாய் தனி.
வலது மூலையில் சின்னதாக
'வீரணன் ஆர்ட்ஸ், உசிலம்பட்டி.'
அன்று ராத்திரி புரோட்டாவும் சுக்காவும்.

இப்போது மாசத்துக்கொரு திங்கட்கிழமை
மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அதே ரோட்டில்தான் போகிறேன்.
கட்சிகள் எடுத்தது போக, சிமென்ட் கம்பெனி எடுத்தது போக,
ரோடு அகலமானபோது இடித்தது போக
கருமாத்தூரில் ஒன்று மிச்சம்.
சுண்ணாம்பு அடித்துத்தான் இருக்கிறார்கள்.
மழை பெய்தால் பல் தெரியும்.
நான் ஜன்னலோரம் உட்காருவதில்லை.

திரும்பும்போது பைக்குள் மாத்திரை டப்பா குலுங்கும்.
பஞ்சு அடைத்துக்கொள்வேன்.
யாராவது கேட்டால் சுகர்.
சுகருக்கு ஊரில் மரியாதை உண்டு.
"ஒனக்குமா மாப்ள" என்று
நெருங்கி வந்து உட்காருகிறார்கள்.

சோணை கடையில் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ்,
எனக்குப் பேப்பர் கப்.
ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.
பேப்பர் கப்புக்கு ஒரு ரூபாய் அதிகம்,
அதைச் சோணை என்னிடம் வாங்குவதில்லை.
நல்ல மனுசன்.

மாத்திரை வரிசையில் எனக்கு முன்னால்
எங்கள் ஊர் பால் சொசைட்டி செயலாளர்.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
நானும் அவரைப் பார்க்கவில்லை.
ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும்போது
முன்படியில் அவர், பின்படியில் நான்.

ஆலோசனை அறையில் அந்தப் பெண்
தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே சொன்னாள்:
தொட்டால் வராது, டம்ளரில் வராது,
விடாமல் மாத்திரை போட்டால்
கிழவனாகித்தான் சாவீர்கள்.
என் மனசு உடனே கணக்குப் போட்டது,
இது எத்தனை சதுர அடி வரும் என்று.
எதுகைதான் கிடைக்கவில்லை.

எப்படி வந்தது என்று
நீங்களும் கேட்பீர்கள்.
சொல்ல மாட்டேன்.
அந்தக் கேள்வியைப் பதினேழு இடத்தில்
எழுதி வைத்தவன் நான்.

ஒச்சம்மாளுக்கு இல்லை. இரண்டு தடவை பார்த்தாயிற்று.
ஒரே தட்டில்தான் சாப்பிடுகிறோம்,
வேண்டுமென்றே என் எச்சில் தண்ணீரைக் குடிப்பாள்.
அப்படிப்பட்டவள் ஒரு ராத்திரி
கரண்ட் போன இருட்டில் கேட்டாள்:
"கருமாத்தூர் செவத்துல போட்ருக்கே,
அது நெசமாங்க?"
"எது?"
"குழி."
அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தவள்.
புதுசாய்க் கற்ற ஜோரில்
பஸ் ஜன்னல் வழியே ஊரையே வாசித்துக்கொண்டு வருவாள்.
மூலையிலிருந்த பேரையும்
சேர்த்துத்தான் வாசித்திருக்கிறாள்.
ஒருநாளும் சொன்னதில்லை.

இன்று அந்தச் சுவருக்கு ஆள் வந்துவிட்டது.
மனை விற்பனை, ஐந்து சென்ட், தவணை முறை.
சுரண்டி இரண்டு கோட்டு அடித்தேன்.
பல் மேலே வந்தது.
மூன்றாவது கோட்டுக்குப் பாம்பு போய்விட்டது,
பல் போகவில்லை.
அந்தக் காலத்து எனாமல், அப்படித்தான் இருக்கும்.
"போதும்யா, ரோட்டுலருந்து தெரியாது,
எழுத்தைப் போடு" என்று
மனைக்காரர் வண்டியைக் கிளப்பினார்.

வெயில் முதுகில் ஏறுகிறது.
இன்னொரு டப்பா வெள்ளை வாங்க
ஒச்சம்மாளை அனுப்பியிருக்கிறேன்,
என் கைக்காசில்.
ஏணியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.